கமிஷன் வாங்காத தரகர்

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
எஃகு ஆலைப் புகைபோக்கியின் காலடியில்
ஒரு கன்டெய்னர். அதுதான் எங்கள் ஆலை.
பம்பு இருக்கிறது, பாதி வேலை செய்யும் ஏசி இருக்கிறது,
மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது.
தமிழ் அதில் இல்லை.

புகைபோக்கியிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழாய்
கரியமிலவாயுவை இழுத்து வருகிறது.
யாருக்கும் வேண்டாம் என்று
வானத்தில் தள்ளிவிடப்பட்டது.

தகரம் வந்த வழி வேறு.
லேபர் கேம்ப் குப்பையில் கிடந்த சாளை டப்பா,
தக்காளி விழுது டப்பா, பால் டப்பா.
தோல் கையுறையோடு பொறுக்கி
காரத்தில் ஊறவைத்து
இரும்பை விட்டுத் தோலை மட்டும் உரித்தெடுப்பான் தன் பகதூர்,
முடியளவு கனம்கூட இல்லாத தோல்.
பொடியாக்கிக் கரித்தாளில் பூசினால் மின்முனை.
"போன மாதம் நீ தின்ற மீன் இதில் இருக்கிறது" என்பான்
இந்தியில், சிரிக்காமல்.

மின்சாரம் பாய்ந்ததும்
வாயு வந்து தகரத்தின் மேல் உட்காருகிறது.
பக்கத்தில் தண்ணீர்.
அதனிடம் கொஞ்சம் ஹைட்ரஜன் கேட்டு வாங்கிக்கொண்டு
வேறு பெயரில் எழுந்து போகிறது:
ஃபார்மிக் அமிலம்.
கட்டெறும்பு கடித்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

பாடப்புத்தகம் தகரத்தை வினையூக்கி என்னும்.
எனக்குத் தெரிந்த சொல் தரகர்.
எழுத்தைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பாருங்கள்,
தகரத்துக்குள்ளேயே இருக்கிறது தரகு.

என்னுடையவர் திருச்சியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஒன்றரை லட்சம், மெடிக்கலுக்குத் தனி.
டெக்னீஷியன் விசா என்றார்.
மஸ்கட்டில் இறங்கிப் பார்த்தால் ஹெல்பர்.
டெக்னீஷியன் ஆக ஐந்து வருஷம் பிடித்தது.

இந்தத் தரகர் பைசா தொடுவதில்லை.
இரு தரப்பையும் உட்காரவைத்துப்
பேசி முடித்து
வந்தபடியே ஒதுங்கிக்கொள்கிறார்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்
நூற்றுப் பத்தாவது மணி நேரம் வரை.

விடியற்காலை மூன்றரை. கரன்ட் சரிந்தது.
அமிலம் நின்று வெறும் ஹைட்ரஜன் குமிழ்.
கல்ஃபான் வீட்டிலிருந்து வந்தார்,
டிஷ்டாஷா மேல் கோட்டு, கையில் டார்ச்.
செல்லைப் பிரித்தோம்.
தகரம் அங்கங்கே இல்லை.
அமிலத்தோடு அமிலமாகக் கரைந்து
பீப்பாய்க்குள் போய்விட்டிருந்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எறும்பின் அமிலம் ஊறத் தகரமும்.

அந்த வாரத்துக் கணக்கு பதினோரு லிட்டர்,
அதில் முக்கால்வாசி தண்ணீர்.
நான் கவரால் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்
புகைபோக்கி அவ்வளவையும் திரும்ப விட்டுவிடும்.
கோட்டயத்து ஷிஜி மட்டும் சந்தோஷப்பட்டாள்.
ரப்பர் பால் உறைய அவர்கள் ஊற்றுவது இதைத்தானாம்.
எத்தனை ஷீட் வரும் என்று
டிஷ்யூ பேப்பரில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கல்ஃபான் பீப்பாயைத் தட்டினார்.
"கரைந்தது தொலைந்தது இல்லை.
வடித்து எடுத்துத் திரும்பப் பூசலாம்."

ஒன்றரை லட்சம் எந்தப் பீப்பாயில் கரைந்திருக்கும்
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை. வால்வை மூடினேன்.
விரல் நுனியில் சுருக்கென்று ஒரு கடி,
கையுறையில் ஓட்டை.

ஆறு மணிக்கு மெஸ்.
குபூஸ், நேற்றைய பருப்பு, ஒரு சாளை டப்பா.
தின்று முடித்து
எண்ணெய் போகக் கழுவி, மூடியை உள்ளே மடித்து
தன் பகதூரின் கட்டிலுக்கடியில் வைத்தேன்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
அங்கே ஏற்கெனவே நாலு இருந்தன,
யார் வைத்ததோ.